மட்டக்களப்பில் இருந்தபடியே அன்றாட ஆங்கிலம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாடசாலையில் பல ஆண்டுகள் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருந்தும், வங்கியிலோ கிளினிக்கிலோ ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கும் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய் வராமல் நிற்பவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சையில் சித்தி பெறும் வழியை இது சொல்லாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான தேர்வையும் இது தொடாது. கடை, பஸ், ஆஸ்பத்திரி, கந்தோர், தொலைபேசி ஆகிய ஐந்து இடங்களிலும் தடுமாறாமல் நிற்பதற்கு எந்தச் சொற்கள் வேண்டும், எவ்வளவு இலக்கணம் வேண்டும், அவற்றை எந்த ஒழுங்கில் படிக்க வேண்டும் என்பது மட்டுமே இங்கே பேசப்படுகிறது.

மட்டக்களப்புக்கு ஆங்கிலம் புதியதல்ல. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் 1814இல் இங்கே வந்து தொடங்கிய பாடசாலை, மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் இயங்குகிறது. இவ்வளவு நீண்ட பழக்கம் இருந்தும் தயக்கம் போகாததற்கு, விதிகளை முதலில் மனப்பாடம் செய்து, வாக்கியத்தைப் பின்னர் எழுதி, பேச்சை என்றைக்கோ ஒரு நாளுக்கு ஒத்திவைக்கும் படிப்பு முறையே காரணம் என்பது என் எண்ணம். பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை வைத்துக்கொண்டு தொடங்குபவர்களில் பெரும்பாலானோர் நான்காவது காலத்தைத் தாண்டுவதில்லை. அந்த அட்டவணையை மூடி வைத்துவிட்டு, கீழே உள்ள ஒழுங்கில் தொடங்குங்கள்.

முதற் படி: வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்களை எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்து, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை உங்கள் வாயில் வரும் ஆங்கிலச் சொற்களை எல்லாம் எழுதிப் பாருங்கள். சுவிட்ச், பிரஷ், பஸ், ரிக்கட், டோக்கன், கிளினிக், ரிப்போட், பில், சார்ஜர், டியூட்டி, லீவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஆங்கிலம் ஒன்றுமே தெரியாது என்று சொல்பவரிடமும் இப்படிச் சில நூறு சொற்களாவது இருக்கும். ஆகவே நீங்கள் வெறுங்கையோடு தொடங்கவில்லை. இந்தச் சொற்களைக் கோத்து வாக்கியமாக்கும் நூல்தான் உங்களிடம் இல்லை.

பட்டியலை எழுதி முடித்ததும் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு விதத்தில் சரிபார்க்க வேண்டும். முதலாவது, ஒலி. பணம் கட்டியதற்குத் தரும் பற்றுச்சீட்டைப் பலர் "ரிசிப்ட்" என்கிறார்கள். எழுத்தில் இருக்கும் "ப்" ஒலிப்பதில்லை என்பதால் அது "ரிசீட்" ஆகும். இரண்டாவது, பயன்பாடு. மின்சாரம் நின்றுவிட்டால் நாம் கரண்ட் போய்விட்டது என்போம், ஆனால் வெளிநாட்டவரிடம் "கரண்ட் கோன்" என்றால் அவர் விழிப்பார். "த பவர் இஸ் அவுட்" என்றால் உடனே விளங்கிக்கொள்வார். இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு வாரம் போதும். அதற்கு மேல் இதில் மினக்கெட வேண்டாம்.

இரண்டாம் படி: சொல்லைத் தனியாக அல்ல, துணையோடு படியுங்கள்

எவ்வளவு சொற்கள் வேண்டும் என்ற கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். சி. கே. ஒக்டன் என்ற ஆங்கிலேய மொழியறிஞர் 1930இல், 850 சொற்களே கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்துக் காட்டினார். வங்காளத்தில் நீண்ட காலம் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் சுமார் 2000 சொற்கள் இருந்தன. சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே புதிதாகத் தொடங்குபவர் முதல் இலக்காக 850ஐயும், அடுத்த இலக்காக 2000ஐயும் வைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் வீதம் படித்தால், ஆறு மாதத்துக்குள் முதல் இலக்கை எட்டிவிடலாம்.

ஆனால் அகராதியில் இருப்பது போல ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று எழுதிப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாம் மருந்து குடிக்கிறோம். அதற்காக "டிரிங்க் மெடிசின்" என்றால் அது சரிவராது, ஆங்கிலத்தில் அது "டேக் மெடிசின்" ஆகும். தேத்தண்ணி போடுவது "மேக் டீ". உடுப்புத் தோய்ப்பது "டூ த வோஷிங்". படம் எடுப்பது மாத்திரம் அதிசயமாகத் தமிழோடு ஒத்துப்போய், "டேக் எ ஃபோட்டோ" என்றே வருகிறது. ஒரு பெயர்ச்சொல்லைக் கொப்பியில் எழுதும்போது அதனோடு சேரும் வினையையும் சேர்த்து எழுதி, அதன் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமும் எழுதிவிட்டால், ஒரே வேலையில் சொல்லும் இலக்கணமும் படிந்துவிடும்.

கொப்பியில் ஆங்கிலச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். தமிழில் "ப" என்ற ஒரே எழுத்து ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால், தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பவருக்குக் கரடியும் பெயாஸ் பழமும் ஒரே "பெயார்" ஆகிவிடும். தேவையான இடத்தில் ஒலிக்குறிப்பைப் பென்சிலால் மேலே எழுதி வைத்து, சொல் பழகியதும் அழித்துவிடுங்கள்.

படித்தது மறப்பது இயல்பு. ஹேர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மானியர் தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்ட ஆய்வு, திரும்பப் பார்க்காத பாடத்தின் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள்ளேயே கழன்றுவிடும் என்று காட்டியது. ஆகவே இன்று படித்த ஐந்து சொற்களை இன்றிரவு ஒரு முறை, நாளை ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை பார்க்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தால், அன்கி என்ற செயலி அண்ட்ரொயிட் தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. எந்தச் சொல்லை என்றைக்குக் கேட்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். தொலைபேசி விருப்பமில்லாதவர்கள் சிறு அட்டைகளில் எழுதி, தெரிந்தவற்றை ஒரு பெட்டியிலும் தெரியாதவற்றை மற்றொன்றிலும் போட்டு வைக்கலாம்.

மூன்றாம் படி: அன்றாடத்துக்குத் தேவையான இலக்கணம்

முதலில் சொல்லொழுங்கு. நாய் பொடியனைக் கடித்தது என்றாலும், பொடியனை நாய் கடித்தது என்றாலும், கடித்தது நாய் பொடியனை என்றாலும் நமக்குக் கடித்தது யார் என்பதில் சந்தேகமில்லை. "பொடியனை" என்பதில் உள்ள "ஐ" அதைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு இல்லாததால், இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. "த டோக் பிட் த போய்" என்பதில் இரண்டு பெயர்களும் இடம் மாறினால் பொடியன் நாயைக் கடித்தவன் ஆகிவிடுவான். செய்பவர், செய்கை, செயப்படுபொருள், இடம், நேரம் என்ற வரிசையை மாற்றாமல் ஒரு மாதம் எழுதிப் பழகுங்கள். "மை மதர் செல்ஸ் ஃபிஷ் இன் த மார்க்கட் எவ்ரி மோர்னிங்" என்பது இந்த வரிசைக்கு நல்ல மாதிரி. செய்பவர் ஒருமைப் படர்க்கையாக இருந்தால் நிகழ்கால வினையின் ஈற்றில் "ஸ்" ஒலி சேரும் என்பதையும் அதே வாக்கியம் காட்டுகிறது.

அடுத்ததாக, தமிழர் அதிகமாகத் தடுக்கி விழும் "எனக்கு". நாம் பசியையும், பிள்ளைகளையும், விருப்பத்தையும், வயதையும் ஒரே "எனக்கு" கொண்டு சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இது மூன்றாகப் பிரிகிறது. உடல், மன நிலையும் வயதும் "ஐ ஆம்" என்று தொடங்கும்: எனக்குப் பசிக்கிறது என்பது "ஐ ஆம் ஹங்றி", எனக்கு முப்பது வயது என்பது "ஐ ஆம் தேர்ட்டி". உடைமையும் உறவும் நோயும் "ஐ ஹேவ்" என்று தொடங்கும்: "ஐ ஹேவ் த்ரீ சில்ட்ரன்", "ஐ ஹேவ் எ ஃபீவர்", "ஐ ஹேவ் எ ஹெடேக்". தெரிதல், விருப்பம், தேவை ஆகியவற்றுக்கு "ஐ" என்பதன் பின் நேரடியாக வினை வரும்: "ஐ நோ", "ஐ லைக்", "ஐ நீட்". நாம் பேச்சில் சொல்லும் ஏலும், ஏலாது என்பவை "ஐ கேன்", "ஐ கான்ட்" என்று வரும். கொப்பியில் ஒரு முழுப் பக்கத்தை மூன்று நிரல்களாகப் பிரித்து, அன்றாடம் நீங்கள் "எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக உரிய நிரலில் போட்டுப் பாருங்கள். இந்த ஒரு பக்கம் தரும் பலனை வேறெந்தப் பயிற்சியும் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

இதனோடு ஒட்டியது, தமிழில் மறைந்தே நிற்கும் "இஸ்", "ஆர்", "ஆம்" ஆகிய சொற்கள். அவர் ஆசிரியர் என்பது தமிழில் வினையில்லாமலே முழு வாக்கியம். ஆங்கிலத்தில் "ஹீ டீச்சர்" என்றால் அது பாதி வாக்கியம். "ஹீ இஸ் எ டீச்சர்" என்றே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கேள்வி. தமிழில் கடைசிச் சொல்லோடு "ஆ" சேர்த்தால் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் தலையிலேயே கேள்வியைக் காட்டியாக வேண்டும்; அந்த வேலையை "டூ", "டஸ்", "டிட்" ஆகியவை செய்கின்றன. இந்த பஸ் கல்முனைக்குப் போகுமா என்று கேட்க "டஸ் திஸ் பஸ் கோ டு கல்முனை?" என்பீர்கள். "கோஸ்" என்பதில் இருந்த "ஸ்" ஒலி "டஸ்" என்பதற்குள் போய்விட்டதால், வினை வெறும் "கோ" ஆகத் திரும்பிவிட்டதைக் கவனியுங்கள். இறந்தகாலத்திலும் இதே கணக்கு: "டிட் யூ கோ?" என்பதே சரி, "டிட் யூ வென்ட்?" பிழை. எதிர்மறையிலும் "ஐ டிட்ன்ட் கோ" என்றே வரும்.

"வென்ட்" போன்ற ஒழுங்கற்ற வினைகளை நினைத்துப் பலர் மலைக்கிறார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளான இரு, வைத்திரு, செய், சொல், போ, பெறு, அறி, எடு, வா, பார் ஆகியவற்றுக்கான சொற்கள் எல்லாமே ஒழுங்கற்றவை என்பது உண்மைதான். ஆனால் அவை நாள் முழுவதும் காதில் விழுவதால் சீக்கிரம் படிந்தும் விடுகின்றன. முதலில் இருபதை மட்டும் படியுங்கள். ஒழுங்கான வினைகளின் இறந்தகால ஈறு எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் வாயில் மூன்று விதமாக ஒலிக்கும்: "வோக்ட்" என்பதில் வன்மையாகவும், "கோல்ட்" என்பதில் மென்மையாகவும், "வெயிட்டட்" என்பதில் தனி அசையாகவும் வரும்.

நிகழ்காலம் ஆங்கிலத்தில் இரண்டு. வழக்கமாகச் செய்வதற்கு "ஐ டிரிங்க் டீ"; இந்தக் கணத்தில் செய்துகொண்டிருப்பதற்கு "ஐ ஆம் டிரிங்கிங் டீ". நம்மவர்கள் இரண்டாவதை எல்லா இடத்திலும் போட்டு "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நோயிங்" என்கிறார்கள். உடைமை, அறிவு, விருப்பம் ஆகியவற்றைச் சொல்லும்போது "இங்" வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இட உருபு மற்றொரு தொல்லை. நமக்கு எல்லாம் "இல்": மட்டக்களப்பில், மேசையில், பஸ்ஸில், பஸ் நிலையத்தில். ஆங்கிலத்தில் ஊருக்கு "இன்", மேற்பரப்புக்கு "ஓன்", குறித்த ஒரு புள்ளிக்கு "அட்". பஸ்ஸுக்கு "ஓன்" என்றும் ஓட்டோவுக்கு "இன்" என்றும் வருவது விசித்திரமாகத் தோன்றலாம். எழுந்து நடக்கக்கூடிய வாகனத்துக்கு "ஓன்", உட்கார மட்டுமே இடமுள்ள வாகனத்துக்கு "இன்" என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தப்பாது. நேரத்திலும் அப்படியே: மணிக்கு "அட்", திங்கள், செவ்வாய் போன்ற நாளுக்கு "ஓன்", மாதத்துக்கும் ஆண்டுக்கும் "இன்".

"எ", "அன்", "த" ஆகியவற்றைப் பற்றித் தொடக்கத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். முதன்முறை குறிப்பிடும் ஒன்றுக்கு "எ", இருவருக்கும் தெரிந்த ஒன்றுக்கு "த" என்பது போதும். "அன்" வருவதை எழுத்து தீர்மானிப்பதில்லை, உயிரொலியே தீர்மானிக்கிறது. அதனால்தான் "அன் அவர்" என்றும் "எ யுனிவேர்சிட்டி" என்றும் வருகிறது.

நான்காம் படி: கையில் கிடைக்கும் தாளை வாசியுங்கள்

பாடப்புத்தகத்துக்கு வெளியே, நம் வீட்டுக்குள் தானாக வந்து சேரும் ஆங்கிலத் தாள்கள் நிறைய உண்டு. பாமசியில் தரும் மருந்து உறையை எடுத்துக்கொள்வோம். "டேக் வன் டேப்லெட் த்ரீ டைம்ஸ் எ டே ஆஃப்டர் மீல்ஸ்" என்று அதில் இருக்கும். முதற் சொல்லே வினை, செய்பவர் இல்லை. ஏவல் வாக்கியம் ஆங்கிலத்தில் இப்படித்தான் தொடங்கும். "த்ரீ டைம்ஸ்" என்பது மூன்று தடவை. அதையடுத்து வரும் "எ", ஒன்று என்ற பொருளை விட்டு, நாளொன்றுக்கு என்ற பொருளில் நிற்கிறது. தமிழில் சாப்பாட்டுக்குப் பிறகு என்று பின்னால் வரும் சொல், ஆங்கிலத்தில் "ஆஃப்டர் மீல்ஸ்" என்று முன்னால் போய்விட்டது. ஓர் உறைக்குள் நான்கு பாடம். வைத்தியர் எழுதும் துண்டில் "பீ.டீ." என்று இருந்தால் நாளுக்கு இரு தடவை, "டீ.டீ.எஸ்." என்று இருந்தால் மூன்று தடவை, இவை ஆங்கிலம் அல்ல, லத்தீன் சுருக்கங்கள். மருந்து விடயத்தில் ஊகிக்கக் கூடாது என்பதால், சந்தேகம் இருந்தால் மருந்து தருபவரிடம் கேட்டே தீருங்கள்.

அடுத்தது படிவம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகையால் அரச கந்தோரில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. என்றாலும் தனியார் நிறுவனங்களிலும் இணையத்திலும் ஆங்கிலப் படிவமே கைக்கு வரும். அதில் "நேம் வித் இனிஷியல்ஸ்" என்றால் முதலெழுத்துகளுடன் பெயர். அதன் கீழே வரும் "நேம்ஸ் டினோட்டட் பை இனிஷியல்ஸ்" என்றால் அந்த முதலெழுத்துகள் குறிக்கும் முழுப்பெயர்கள். "புளொக் லெட்டர்ஸ்" என்றிருந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். "சிவில் ஸ்டேட்டஸ்" என்பது திருமணமானவரா இல்லையா என்ற கேள்வி. இவ்விடத்தில் ஒரு முக்கிய குறிப்பு: உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை, பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் ஒன்றாகவே வைத்திருங்கள், ஓர் எழுத்து மாறினாலும் பின்னர் அலைய வேண்டி வரும்.

வாசிக்கத் தொடர்ந்து ஏதாவது வேண்டுமானால், அரசு இலவசமாகக் கொடுக்கும் பாடசாலை ஆங்கிலப் புத்தகங்களே மிகச் சிறந்தவை. வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும் மூன்றாம் தரப் புத்தகத்திலிருந்து தொடங்கி, ஏழாம் தரம் வரை வரிசையாக வாசியுங்கள். வளர்ந்தவர் ஒருவர் பிள்ளைகளின் புத்தகத்தைப் பிடிப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அந்தப் பிள்ளையையே ஆசிரியராக்கிக்கொண்டால் இருவருக்கும் நன்மை.

ஐந்தாம் படி: வாயைத் திறத்தல்

ஒரு நாளைக்குக் கால் மணி நேரமாவது சத்தமாகப் பேச வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால், அன்று செய்தவற்றை ஐந்து வாக்கியத்தில் தொலைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேட்டுப் பாருங்கள். பீபீசியின் ஆங்கிலக் கற்கைப் பகுதி இலவசமானது. அதில் ஒரு நிமிடத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கூடவே சொல்லிப் பழகலாம். பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ அண்மையில் இருப்பவர்களுக்குப் பருவகாலத்தில் வரும் வெளிநாட்டவர்கள் நல்ல பயிற்சி. அவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதால், நம்மைப் போலவே அவர்களும் தேடித் தேடித்தான் பேசுவார்கள்.

மரியாதை எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். நாம் தாங்க, சொல்லுங்க என்று வினையின் ஈற்றிலும், அண்ணன், அக்கா, சேர் என்று விளிப்பதிலும் மரியாதையை வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான், வினையும் மாறாது. அதனால் ஒரு தேத்தண்ணி தாங்க என்று நினைத்து "கிவ் மீ எ டீ" என்றால், கேட்பவருக்கு அது அதிகாரமாகப் படும். "கேன் ஐ ஹேவ் எ கப் ஒஃப் டீ, ப்ளீஸ்?" என்று கேள்வியாக மாற்றும்போதே மரியாதை வருகிறது. இன்னும் பணிவாகக் கேட்க வேண்டிய இடத்தில் "குட் யூ" என்று தொடங்குங்கள்.

தொலைபேசிதான் கடைசியாகப் பழக வேண்டியது, ஏனெனில் அங்கே முகமும் கையும் உதவிக்கு வராது. அதற்கென்று நான்கு வாக்கியங்களை மனப்பாடமே செய்துவிடலாம்: திரும்பச் சொல்லச் சொல்வதற்கு "குட் யூ சே தட் அகெய்ன், ப்ளீஸ்?", மெதுவாகப் பேசச் சொல்வதற்கு "ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி", எழுத்துக்கூட்டிக் கேட்பதற்கு "ஹவ் டூ யூ ஸ்பெல் தட்?", தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதற்கு "இஸ் தேர் எனிவன் ஹூ ஸ்பீக்ஸ் டமில்?". நான்காவது வாக்கியத்தைப் பயன்படுத்துவதால் நீங்கள் படித்தது வீணாகாது. அதையும் ஆங்கிலத்தில்தானே கேட்கிறீர்கள்.